ஆர்டிஸ் மேசையில் காபி குடித்த ஜனாதிபதி

ஆர்டிஸ் ஹாகென் வீட்டுச் சமையலறையில் காபி குடித்த ஆள் இப்போது முன்னாள் ஜனாதிபதி. செனட்டர், ஜனாதிபதி, இரண்டாம் தவணைக்கு நின்று தோல்வி. இன்று ஏதோ கடற்கரையில் உட்கார்ந்து புத்தகம் எழுதுகிறாராம். நன்றாக இருக்கட்டும். எங்கள் அயோவா மாநிலத்தில் இதுதான் தொல்லை; ஜனாதிபதி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது நாட்டிலேயே முதலில் இங்கேதான் தொடங்கும். நாட்டையே ஆளப்போகிறவன் முதலில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பான். நாங்களும் அவனைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று நம்பித் தொலைப்போம்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையல்காரி, கணவனை இழந்தவள். அவளுக்குப் பொய் பேசத் தெரியாது என்று ஊரே சத்தியம் செய்யும். அப்போது செனட்டராக இருந்த அவர் ஆதரவு கேட்டு வந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க பசங்கள சண்டைக்கு அனுப்புவீங்களா?"

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். "நீங்க சொன்னது மனசுல பதிஞ்சிருச்சும்மா" என்றார். லவங்கப்பட்டை ரொட்டி இரண்டைத் தின்றுவிட்டுப் போனார்.

ஜனவரியில், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம். சீட்டுப் போட்டு மறைக்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாருக்கு ஆதரவோ அவர் மூலையில் ஊரார் கண் முன்னால் போய் நிற்க வேண்டும். வந்தவர்கள் எண்பது பேர். பன்னிரண்டு பேர் சேராத மூலை கலைந்துவிடும். செனட்டர் மூலையில் பதினொரு பேர்.  எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் நின்ற பக்கத்துப் பண்ணைக்காரன் வெர்லின் ஊஸ்ட்ராவிடம் ஆர்டிஸ் ஓடினாள்.

"எங்க மூலைக்கு வா, வெர்லின்."

"எவன் வந்தா எனக்கென்ன? சோள விலையா ஏறப்போகுது? என் மகன் ட்ரெண்ட் தேசியக் காவல்படையில இருக்கான், சண்டை வந்தா அவனையும் கூப்பிடுவாங்க. எனக்கு அந்தக் கவலை ஒண்ணுதான்."

"சண்டைக்கு அனுப்பமாட்டேன்னு அவரே சொன்னாரு. என் மேசையில உக்காந்து, என் கையப் பிடிச்சு."

சொன்னபோது அது அவளுக்குப் பொய்யாகவே படவில்லை. வெர்லின் நகர்ந்து வந்தான். கூடத்தில் கைதட்டினார்கள்.

அடுத்த ஆண்டு அவர் ஜனாதிபதியானார். அந்த வசந்தத்தில் ட்ரெண்டின் படை ஒப்பந்தம் முடிந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் கல்லூரிச் செலவு அரசாங்கத்துடையது. வெர்லின் வேலியோரம் வந்து நின்றான்.

"அந்த ஆளு நெசமாவே சொன்னாரா, ஆர்டிஸ்? நீ சொன்னா பையன் கையெழுத்துப் போட்டுருவான்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம், பாவி. வாய் வரை வந்தது. ஆனால் ஜனாதிபதிக்கு வேண்டியவள் என்று ஊர் அவளைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம்.

"சொன்னாரு" என்றாள்.

 வெளிநாட்டுச் சண்டைக்குக் கப்பல்கள் கிளம்பிவிட்டன என்றது வானொலி. பிறகு விமானங்கள் என்றது. அவள் அதை அணைத்து வைத்தாள். கோடை முடிவதற்குள் பக்கத்து மாவட்டப் பையன்களுக்குச் சண்டைக்குப் போகும் ஆணை வந்துவிட்டது. நம் ஊருக்கு வராது, வராது என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

அக்டோபரில், அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு, வெர்லின் அவள் சமையலறைக்குள் வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ட்ரெண்டுக்கு ஆணை வந்திருச்சு. திங்கக்கிழமை கிளம்பணும். அவருக்கு ஒரு போன் போடு. குடுத்த வாக்க ஞாபகப்படுத்து."

"என் போனையெல்லாம் அவரு எடுப்பாரா?"

"உன் கையப் பிடிச்சு சொன்னவருதானே?"

ஆர்டிஸ் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். 

"அவரு சொல்லல, வெர்லின். நான் கேட்டத கேட்டுக்கிட்டாரு, அவ்வளவுதான். மிச்சத்த நானாத்தான் சொன்னேன்."

வெர்லின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. 

"இத நான் அவன்கிட்ட சொல்லமாட்டேன்" என்றான். "வெளிய வண்டியில உக்காந்திருக்கான். நீ அவருகிட்ட பேசினா பயணம் நின்னுரும்னு நம்பிக்கிட்டு இருக்கான். நீயே போய்ச் சொல்லு."

அவள் சன்னல் வழியே பார்த்தாள். ட்ரெண்ட் அவளைக் கண்டதும் கையை உயர்த்திச் சிரித்தான்.