அன்புமொழியின் பதினேழு மார்க்

வனிதாவைப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் மிஸ் என்பார்கள். வாத்தியார்களுக்கு அவள் லேப் பொண்ணு. கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம், முந்திரிக்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தப் பள்ளியில் பாடம் பாதி கரும்பலகையிலும் பாதி கம்ப்யூட்டரிலும் நடக்கத் தொடங்கியபோது கிடைத்த ஒப்பந்த வேலை. பத்துக் கம்ப்யூட்டர்கள். கரண்ட் போனால் பேட்டரி ஐந்து நிமிஷம் தாங்கும்.

பருவத்துக்கு ஒருமுறை ஆன்லைன் தேர்வு, இருபது கேள்வி. இந்த முறை எட்டாம் வகுப்பு பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மணி நாலரை. பிள்ளைகளெல்லாம் பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

தலைமையாசிரியர் குழந்தைசாமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஆன்லைன் பட்டியல்ல வட்டாரத்துலயே நம்ம ஸ்கூலு மட்டும் முடிக்காம செவப்பா நிக்குது. இன்னும் ஒம்பது பேரு பாக்கி. அஞ்சு மணிக்குள்ள பச்சையாக்கு. எப்புடின்னு நான் கேக்கல."

வனிதா ஒன்பது பிள்ளைகளின் எண்ணையும் போட்டுத் தேர்வுக்குள் போய், விடைகளைத் தானே தட்டினாள். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கு மூன்றைத் தப்பாக்கினாள். தப்பைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டாள்.

அந்த ஒன்பதில் ஒருத்தி அன்புமொழி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள். அவளைப் போன்றவர்களுக்குத் தமிழம்மா பிரகதாம்பாள் தினமும் காலையில் வாசிப்பு வகுப்பு எடுப்பார். மூன்று மாதத்தில் அன்புமொழி 'படகு', 'குடம்' வரைக்கும் வந்திருந்தாள். ஆனால் அந்த வகுப்பில் யார் உட்காருவது என்பதை ஆன்லைன் மார்க்தான் முடிவு செய்யும். திங்கட்கிழமை வந்த புதுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"பதினேழு வாங்கிட்டியே, இன்னும் எதுக்குடி இங்கிட்டு? ஒன் கிளாசுக்குப் போ" என்றார் பிரகதாம்பாள், சந்தோஷமாகத்தான்.

"கலெக்டரம்மாவுக்கு வழி விடுங்கடா!" என்று பையன்கள் கத்தினார்கள். அன்புமொழி வெட்கத்தோடு சிரித்தாள். கரண்ட் போகும் முன்னால் வந்த கேள்விக்கெல்லாம் அவளும் எதையோ தட்டியிருந்தாள். அதனால் மார்க் தன்னுடையதுதான் என்று நம்பினாள். எதிர் அறையிலிருந்து வனிதா பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் வேலை போய்விடும். இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அன்புமொழியின் அம்மா கண்ணாத்தாள் லேபுக்கே வந்துவிட்டாள். முந்திரி உடைத்து உடைத்துக் கறுத்த விரல்கள். கையில் ஒரு பை.

"எம்மவ பதினேழு எடுத்தாளாம்ல டீச்சர். இந்தாங்க, முழுப் பருப்பு, ஒடசலே கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னு கேக்கணும். நேத்து பஸ் போர்டப் படிடின்னேன். முழிக்கிறா. கேட்டா, கம்ப்யூட்டர்லதான் வரும், போர்டுல வராதுங்கிறா. அப்புடியும் இருக்குமா டீச்சர்?"

வனிதாவால் அதற்கு மேல் முடியவில்லை. "இல்லக்கா. அது அவ எடுத்த மார்க் இல்ல. கரண்ட் போயிருச்சு. நாந்தான் போட்டேன்."

கண்ணாத்தாள் திட்டவில்லை. "தெருவெல்லாம் சொல்லிட்டாளே டீச்சர்" என்றாள். பையை மேசை மேல் வைத்துவிட்டு, "சரி, திரும்ப அந்தப் படிக்கிற கிளாசுலயாச்சும் ஒக்கார வைங்க" என்றாள்.

வனிதா தலைமையாசிரியர் அறைக்குப் போய், அன்புமொழியைத் திரும்ப வாசிப்பு வகுப்பில் சேர்க்கக் கேட்டாள்.

"பேரச் சேக்கணும்னா காரணம் எழுதி மேல அனுப்பணும்" என்றார் குழந்தைசாமி. "மார்க்கு பொய்யின்னு எழுதுவியா? மொதல்ல போறது ஒன் வேலைதான்."

"நீங்க சொல்லித்தானே சார் செஞ்சேன்?"

"நான் என்ன சொன்னேன்? எப்புடின்னு கேக்கலன்னுதானே சொன்னேன்?"

லேபுக்குத் திரும்பியபோது பை மேசை மேலேயே இருந்தது. கண்ணாத்தாள் வாசலை விட்டு நகரவில்லை. வனிதா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒன்பது பெயர்களையும் எழுதினாள். முதலில் அன்புமொழி. கீழே, 'இவர்களுக்கான விடைகளை நானே பதிவு செய்தேன்' என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

இடைவேளை மணி அடித்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு அன்புமொழி ஓடி வந்தாள்.

"மிஸ், அடுத்த டெஸ்ட்டு எப்ப? இருபதும் எடுக்குறேன் பாருங்க!"

கண்ணாத்தாள் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். வனிதா தாளில் கையெழுத்துப் போட்டாள்.