பாலேந்திரா உடைத்த சுவர்

என் தமையன் பாலேந்திராவுக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் மொழிதான் வரும். இளமை முழுக்க டோர்ட்முண்டில் கழித்து, அங்கேயே மின்வேலை பழகி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவர். இங்கே பெரிய கட்டடங்களில் வயர் இழுத்தார். கலியாணம் கட்டவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறை, ஒரு பழைய வான் வண்டி, சனிக்கிழமைகளில் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு ஆட்டுக்கறி, இவ்வளவுதான் அவருடைய சீவியம். தெருவில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு மாறாமல் காலை எடுத்து வைக்கமாட்டார். அவரோடு ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குச் சாமான் வாங்கப் போனால் எனக்கு விசர் வரும்.

என் கணவர் கிருஷ்ணராசா அதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் ஒரு போன் கோலில் முடிக்கப் பார்க்கிற மனிசன். 2009ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று முறை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தம் கழுவி, வீட்டுக்கு வந்து கதவடியிலேயே சரிந்துபோய் இருப்பார். மெஷினை வீட்டிலேயே வைத்துத் தரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி ஏற்ற நான் பயிற்சி எடுத்து முடித்தேன். மிச்சம் ஒன்றுதான்: பியூஸ் போர்டிலிருந்து மெஷினுக்குத் தனி லைன் இழுத்து, அதற்குச் சான்று காட்ட வேண்டும். தங்கள் ஆள் வர மாதக்கணக்காகும், நீங்களே செய்வித்தால் கெதியாக முடியும் என்றார்கள்.

“என்ர மச்சான் இருக்கேக்கை ஏன் வேறை ஆள்?” என்றார் இவர். ஆஸ்பத்திரியில் நர்ஸ்மாருக்கும் அதையே சொன்னார்.

இந்த நாட்டில் அதற்கு இரண்டு வழி. அரசாங்கம் ஒத்துக்கொண்ட ஸ்கீம் ஒன்றில் பதிந்த எலக்ட்ரீஷியன் என்றால் தான் செய்த வேலைக்குத் தானே சான்று கொடுக்கலாம். அண்ணை பதியவில்லை. கட்டட சைட்டில் வேலை செய்கிறவருக்கு அது தேவைப்படவும் இல்லை. பதியாத ஆள் செய்வது குற்றமும் இல்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்னமே நகரசபைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். சுவரை மூடும் முன் அவர்கள் வந்து வயரைப் பார்ப்பார்கள், பிறகு சோதித்துச் சான்று தருவார்கள். “திங்கட்கிழமை கவுன்சிலுக்குக் குடுப்பம், கிழமைக் கடைசியிலை தொடங்குவம்” என்றார் அண்ணை.

என் மனிசன் கலண்டரைப் பார்த்தார். அதற்குள் ஆடி பிறந்துவிடும்.

“ஆடியிலை ஒரு வேலையும் தொடங்கக்கூடாது மச்சான். இது என்ர உயிர் விசயம். ஆனி முடியமுன்னம் தொடங்கித் தாங்கோ.”

வருத்தக்காரன் கையைப் பிடித்துக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? அண்ணை போய் வானில் இருந்து சாமான் பெட்டியை எடுத்து வந்தார். நான் கற்பூரம் கொளுத்தினேன். அன்றைக்கே சுவரை வெட்டி வயரை இழுத்து முடித்தார். “சுவரை மட்டும் மூடவேண்டாம். நான் கவுன்சிலோடை கதைச்சு, வந்து பார்க்கச் சொல்லுறன்” என்று என்னிடமும் இவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த நாள் நான் கடையால் வர, சுவர் பூசி வழுவழு என்று இருக்கிறது. தெரிந்த ஆள் ஒருவரை இவர் கூப்பிட்டுப் பூசுவித்துவிட்டார். நல்ல நாளில் தொடங்கியதை அரைகுறையாக விடக்கூடாதாம். எனக்கு ஏறின கோபத்தில் பூச்சுக்கரண்டியால் இவருக்கு ஒன்று போட்டிருப்பேன். நோயாளி என்று விட்டேன்.

அண்ணை வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். “உண்மையைச் சொல்லிக் கவுன்சிலைக் கூப்பிடுவம். உடைச்சுக் காட்டச் சொல்லுவினம். உடைப்பம்” என்றார்.

“ஆடியிலை வீட்டுச் சுவரை உடைக்கிறதோ?” என்று இவர் துள்ளினார். துள்ளினவர் அன்றைக்கே ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன் எடுத்தார். ஸ்ரீஸ்கந்தராஜா ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன், ஸ்கீமில் பதிந்தவர். வீட்டுப் படிகூட மிதிக்காமல், தானே செய்த வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எங்கட சனத்துக்கு உதவி செய்கிறாராம். நல்ல உதவி.

அண்ணை அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு ஜெர்மனில் தொடங்கித் தமிழில் முடித்தார். “அவன் கண்ணாலை காணாத வேலை. நாளைக்கு ஏதும் பிழைச்சால் ஆரைக் கேக்கிறது?” என்றார். இவரோ, “நீங்கள் செய்தது பிழைக்குமோ மச்சான்?” என்று சிரித்தார். அண்ணை சாப்பிடாமல் எழும்பிப் போனார். நான் அவரையும் ஏசினேன். ஒரு துண்டுப் பேப்பருக்கு இவ்வளவு விறைப்பா, மனிசன் பஸ்ஸில் அலைந்து சாகிறதா என்று தெருவரைக்கும் கேட்க ஏசினேன்.

பிறகு ஆஸ்பத்திரி டெக்னீஷியன் வந்தார். பேப்பரைப் பார்த்துத் தலையாட்டினார். போர்டைத் திறந்து, “வடிவான வேலை” என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதோடு முடிந்திருக்கும். என் மனிசனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“என்ர மச்சான் செய்தவர். ஜெர்மனியிலை படிச்சவர்.”

டெக்னீஷியன் பேப்பரில் இருந்த பெயரை இன்னொரு முறை பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராஜா உங்கள் மச்சானா என்று கேட்டார். இவர் முழிசினார். டெக்னீஷியன் அங்கே நின்றே பேப்பரில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தார். ஸ்ரீஸ்கந்தராஜா கொஞ்சமும் கூசாமல், இந்த வீட்டையே தனக்குத் தெரியாது, யாரோ தன் பெயரைக் களவாகப் பாவித்திருக்கிறார்கள் என்றார்.

கதை ஆஸ்பத்திரிக்குப் போனது. வீட்டு மெஷினை அவர்கள் நம்பித்தான் தருவது. சொன்னபடி செய்வார், பொய் சொல்லமாட்டார் என்ற ஆளுக்குத்தான் தருவார்கள். இவர்தான் அந்தப் பேப்பரை எடுப்பித்தவர் என்று தெரிந்தால் மெஷின் இல்லை. பழையபடி பஸ்தான், அந்த உடம்போடு எத்தனை நாளைக்கு என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

அண்ணை கவுன்சிலுக்கு உள்ளதைச் சொல்லி, நாள் கேட்டு, தானே சுவரை உடைத்து வைத்தார். ஆடியும் பார்க்கவில்லை, கற்பூரமும் கொளுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஆஸ்பத்திரி டெக்னீஷியனும் வந்தார். இன்ஸ்பெக்டர் வயரைப் பார்த்தார், சோதித்தார், பிழை ஒன்றும் இல்லை என்றார். டெக்னீஷியன் மட்டும் விடவில்லை. அந்தக் கள்ளப் பேப்பரை யார் எடுப்பித்தது என்று கேட்டார்.

இவர் யன்னல் சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன், என்னத்தைச் சொல்ல என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணை உடைத்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “நான்தான். இவைக்கு ஒண்டும் தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பவும் கூட்டினார்.

மெஷின் வந்தது. நான் ஊசி ஏற்றினேன். இவர் முகத்தில் இரத்தம் ஊறியது, மாடிப்படி ஏறினார், கோயிலுக்கு நடந்தே போனார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கோ பழி சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. ஈஸ்ட் ஹாம் கடைகளில் என் தமையனுக்குக் ‘கள்ளச் சேட்டிபிக்கற்’ என்று பட்டம். சைட் மேலாளர் காதுக்கும் யாரோ கொண்டுபோனார்கள். இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் வானில் பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போனார். எங்கள் வீட்டுச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் முன்போலவே வந்தார். நான் வாயை மூடிக்கொண்டு கறி பரிமாறினேன். கதைத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவரும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பது இவருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. மெஷினைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். “இனியாவது சொல்லுங்கோ” என்றேன். “முடிஞ்ச கதையை ஏன் கிளறுறாய்?” என்றார்.

முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு மூவரும் இருந்தோம். எதிர்வரிசையில் ஒருவர், வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் தேவை என்றார். பக்கத்தில் இருந்தவர் அண்ணையைக் கண்ணால் காட்டி, “ஆரைப் பிடிச்சாலும் இவரைப் பிடியாதை, கள்ளக் கையெழுத்து” என்று சிரித்தார். அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என் மனிசன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் எழும்பினேன். “அந்தப் பேப்பரை எடுப்பிச்சது என்ர மனிசன். எழுதிக் குடுத்தது ஸ்ரீஸ்கந்தராஜா. என்ர அண்ணை வேண்டாம் எண்டு சொன்ன ஆள்” என்றேன். மண்டபம் முழுவதும் கேட்டது. பரிமாறினவர் அகப்பையோடு நின்றுவிட்டார்.

இவர் இலையை விட்டு எழும்பப் பார்த்தார். அண்ணை இவருடைய கையைப் பிடித்து இருத்தினார்.

“சோறு ஆறுது மச்சான். இருந்து சாப்பிடுங்கோ.”

இவரால் ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை.