மருதாயி எடுத்த மாட்டுப் பெரட்டு

எமரால்டு ஊர்ப் பக்கத்துப் பால் பண்ணையில் மருதாயி வேலைக்குச் சேர்ந்தது எழுபத்து மூன்றில். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசை வரிசையாக நின்று, இரண்டு பெண் பிள்ளைகளோடு நம் மலைக்கு வந்தவள். கொழுந்துக் கூடை கிடைக்கும் என்று நம்பி வந்தாள். கிடைத்தது சாணி வாளி.

முதல் நாள் விடிந்ததும் பண்ணை முற்றத்தில் தனியாகப் போய் நின்றாள். பெரட்டுக்காக. இலங்கைத் தோட்டங்களில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. வராத ஆளுக்குக் காய்ச்சலா, பிள்ளைப்பேறா, சாவா என்று காரணம் சொன்னால்தான் பெரட்டு கலையும். இங்கே மனிதர்களுக்கே அது கிடையாது என்று தெரிந்ததும், மாடுகளுக்கு வைத்துவிட்டாள். இருபத்தாறு மாட்டுக்கும் அக்கரைத் தோட்டங்களின் பேர்.

"ஏனுங்க மருதாயி, பொகவந்தலாவை 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லுச்சுங்களா?" என்பான் பால் கறக்கும் ஆறுக்குட்டி.

"அது சொல்லிருச்சு. நீதான் இன்னிக்கும் லேட்டு."

பண்ணையில் பரிசோதனையே இல்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. மாட்டு டாக்டர் வருவார். ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டு வருவார். மானேஜர் ஞானசீலன் டீயும் வர்க்கியும் தயாராக வைத்திருப்பார். மழையில் குளம்பு அழுகிய மாடுகள் முந்தின நாளே பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்விடும். முன்னால் நிற்பவை எல்லாம் நலம், ஆகவே பண்ணையும் நலம். கொட்டகைக்குப் போனவை திரும்புவதில்லை. அடுத்த வாரம் கசாப்பு லாரி வரும்.

அந்த ஆடியில் நாலு மாடுகள் கொட்டகைக்குப் போயின.

"அந்த நாலு பேரையும் நாளைக்கு வாசிக்காதே. குடியிருக்கிற லயம் பண்ணையோடது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் ஞானசீலன்.

மறுநாள் டாக்டர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் பெரட்டு.

"நோர்வூட்!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது டாக்டர் கையில் வர்க்கியோடு இறங்கி வந்தார்.

"யாரைம்மா இப்படிக் கூப்பிடறே?"

"சிவப்பு மாடுங்க ஐயா. வரலை."

"மேயப் போயிருக்கு சார்" என்றார் ஞானசீலன்.

"குளம்பு அழுகுன மாடு எப்படிங்க மலையேறி மேயும்? இன்னும் மூணு வரலீங்க. காரணம் சொல்லாம நான் பெரட்டைக் கலைக்க மாட்டேங்க."

நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

டாக்டர் வர்க்கியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். சேற்றில் நாலும் நின்றுகொண்டிருந்தன. தாமே குளம்பைக் கழுவி மருந்து வைத்தார். ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் எழுதினார்: இனிச் சொல்லாமல்தான் வருவேன், பெரட்டு ரோட்டோரக் கேட்டில், போகிற வருகிறவர் காதில் விழும்படி நடக்கவேண்டும். பெரட்டு எடுப்பவள் என்று மருதாயி பேரையும் சேர்த்து எழுதியதால், அவளை லயத்தைவிட்டு அனுப்ப ஞானசீலனுக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் வந்து நின்றார் டாக்டர். கேட்டருகே பால் வாங்க வந்த கூட்டம். கொட்டகைக்குப் போன நாலில் மூன்று மாடுகள் வரிசையில் நின்றன.

"நோர்வூட்!" என்று கூப்பிட்டுவிட்டு, பதிலையும் மருதாயியே சொன்னாள்: "செத்துருச்சுங்க. செவ்வாய்க்கிழமை. மருந்து லேட்டு."

ஊர் முழுக்கக் கேட்டது. மானேஜர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை. அவள் அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.