விரதத்துக்காக வெளியே வைத்த சேணம்

அன்று கலியாண மண்டப வாசலில் நின்றவர்கள் ஆறு பேர்: மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், மாப்பிள்ளையின் தாய்மாமன், வீடியோக்காரர், குதிரைக்காரர், நான். ஆட்களை எண்ணி வைப்பது என் பழக்கம். ஏதாவது பிழையாகப் போனால் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று பிறகு யோசித்துக்கொண்டு கிடக்கலாம். அன்று எல்லோருமே பார்த்தார்கள்.

குதிரைக்காரரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அரியாலையில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின் வளவு. ஒரு வெள்ளைக் குதிரை வைத்து மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். குதிரை அவர் பொறுப்பு, அதன் சாமான் என் பொறுப்பு. அவருடைய கொட்டில் ஒழுகும், எலியும் உண்டு. ஆகையால் தோல் சேணம், கடிவாளம், சேணத்துக்கு அடியில் போடும் தடித்த கம்பளி எல்லாம் எங்கள் முன்னறையில்தான் இருக்கும். ஒரு கலியாணத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபா தருவார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசன் வேலைக்கு இப்போது முதுகு விடாது. கையில் இருந்தது இந்த ஒரு வேலைதான். சேணமோ அண்ணையின் தங்கச்சி ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போய்விடும் என்ற பயத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட எழும்பிப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஐப்பசியில் என் மனைவி கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். வீட்டைக் கழுவி முடித்ததும் சேணத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு நாளைக்கு மாட்டுத்தோல் இந்த வீட்டுக்குள்ளை இருக்கப்படாது."

மழைக்காலம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப நீங்களும் அதோடை போய் வெளியிலை படுங்கோ."

மோட்டார் சைக்கிள் விடும் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். சாரல் அடிக்கும் என்று பயம். வெங்காயத்துக்கு மூடுகிற தடித்த பொலித்தீனை வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றி, நைலோன் கயிற்றால் காற்றுகூடப் போகாதபடி இறுக்கிக் கட்டினேன். அதற்கு முந்தின கிழமை ஊர்வலத்தில் குதிரை வியர்த்த வியர்வை கம்பளியில் இன்னும் காயாமல் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன். ஆறு நாளும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று போய் முடிச்சு இளகிவிட்டதா என்று பார்த்தேன். ஒரு தரம்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

மனைவி பாறணை செய்து விரதம் முடித்த அன்று அவிழ்த்தேன். புளித்த மணம் மூக்கில் அடித்தது. சேணம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அடுத்த கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அண்ணையிடம் ஓடியிருக்க வேண்டும். நான் வாளியை எடுத்தேன். கம்பளியைச் சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் போட்டு ஊறவைத்து, உடுக்கிற சாரத்தைப் பிழிகிற மாதிரிப் பிழிந்து கொடியில் போட்டேன். காய்ந்தபோது அது ஒரு சாண் சுருங்கியிருந்தது. இழுத்தேன், நனைத்து இழுத்தேன், கல்லு வைத்துப் பார்த்தேன், வரவில்லை. சேணத்தை வினாகிரியால் துடைத்து உச்சி வெயிலில் வைத்தேன். அது கருவாடு போல விறைத்துவிட்டது. தோலுக்குப் பூசவென்று தங்கச்சி அனுப்பிய மெழுகு டின் எப்போதோ முடிந்திருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. சுவாமி விளக்குக்கு வாங்கி வைத்த நல்லெண்ணெயை எடுத்துப் பூசினேன். பூசப் பூசக் குடித்தது. இரண்டு போத்தல் முடிந்த பிறகுதான் தோல் வளைந்தது. சுவாமி விளக்கின் எண்ணெய் மாட்டுத்தோலுக்குப் போன கதையை மனைவிக்கும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அண்ணை வாசல் படலையில் நின்று, சாமான் எல்லாம் சரியோ என்று கேட்டார். ஓம் அண்ணை என்றேன்.

கலியாணத்தன்று காலை குதிரையில் கம்பளியைப் போட்டபோது அவருக்கு விளங்கிவிட்டது. சேணத்தின் விளிம்பு குதிரையின் முதுகில் நேரே உரசும்படி இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். தன் துவாயை மடித்து இடையில் வைத்தார். நான் சேணத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். துணியில் எண்ணெய் ஒட்டவில்லை, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மழை விட்டுப் பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்தது. மாப்பிள்ளை நல்ல பாரமான ஆள். கோயிலடியிலிருந்து மண்டபம் வரைக்கும் அந்த வெயிலும் அவருடைய பாரமும் சேர்ந்து, தோல் குடித்திருந்த எண்ணெயைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டன.

இறங்கித் திரும்பினார். வெள்ளைப் பட்டு வேட்டியின் பின்பக்கம் சேணத்தின் அளவுக்கு மண்ணிறமாக இருந்தது.

தாய்மாமன் வேட்டியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். "தம்பி, மாப்பிள்ளையைக் குதிரையிலை ஏத்தினியோ, தாச்சியிலை பொரிச்சியோ?"

வீடியோக்காரர் முன்பக்கத்தால் மட்டும் எடுப்பதாகச் சொன்னார். தோழன் தன் சால்வையைக் கழற்றி மாப்பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து மெல்லமாகக் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணை, மணக்குதோ?" இல்லை என்றேன். அதுவும் பொய்.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் சால்வையும் சோடியாக முப்பத்தையாயிரம் என்று தாய்மாமன் கணக்குச் சொன்னார். அண்ணை அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது மதகடி வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். பிறகு குதிரையை நிறுத்தினார்.

"பூஞ்சணம் ஆரின்ரை சாமானிலையும் பிடிக்கும். முந்தநாள் கேட்டனான் எல்லே, சரியோ எண்டு?"

"ஓம் அண்ணை," என்றேன்.

வேலை போகவில்லை. அந்தக் காசை என் கூலியில் கலியாணத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறாகக் கழிப்பதாகச் சொன்னார். தங்கச்சி புதுக் கம்பளி அனுப்பினார். இப்போது சேணம் முன்னறைக் கதிரையில், யன்னல் திறந்தபடி, ஒன்றும் மூடாமல் இருக்கிறது. ஒரு சின்னப் புள்ளி தெரிந்தாலும் அண்ணைக்கு அழைப்பு எடுக்கிறேன். அவருக்கு அதுவும் எரிச்சல். வருகிற சஷ்டிக்குப் பருத்தித்துறையில் தாய் வீட்டில் போய் விரதம் பிடிப்பதாக மனைவி சொல்லியிருக்கிறாள். நானும் சேணமும் இங்கே இருக்கலாமாம்.

மார்கழியில் கலியாணமே இல்லை. தை பிறந்த பிறகு நாலு கலியாணம் நடந்தது. அண்ணைக்கு இன்னும் இருபத்தையாயிரம் ரூபா கொடுக்க வேண்டும்.