ஆற்றோரக் கிட்டங்கியைக் கடைசியாகப் பூட்டிய நாள்

எங்கள் கம்பெனியின் வரலாறு சின்னதுதான். ஆற்றோரம் ஒரு கிட்டங்கி, சரக்கு அடுக்கும் பழைய மாடிக் கட்டடம். லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போகும் அரிசியும் மிளகும் முதலில் படகில் வந்தன, பிறகு லாரியில். இடம் போதாமல் தெம்பனிஸில் ஒரு பெரிய கிடங்குக்கு மாறினோம். இதில் என் பங்கு, இருபது வருடம் டெலிவரி தாளில் முத்திரை குத்தியதும் ஒரே ஒரு குறும்பும்.

கிட்டங்கியைப் பூட்டுகிறவர் உள்ளே பார்த்து, "யாரும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். எந்தக் காலத்திலோ மூட்டைமேல் தூங்கிப்போன ஒருவரை வைத்துப் பூட்டிவிட்டுத் தீபாவளி லீவுக்குப் போய்விட்டார்களாம். வந்து திறந்தால் ஆள் இல்லை. ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி.

காலி செய்த நாள், பிற்பகல் மூன்று மணி. கட்டடத்தை வாங்கியவரின் ஆள் சாவிக்காக வாசலில் நின்றார். பூட்ட வேண்டிய எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்குமுன் நான் மேல்மாடிக்கு நழுவினேன். என் தொப்பைக்குத் தோதான தூண் கிடைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. மூன்றாம் தடவை கேட்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்" என்றேன்.

கீழேயிருந்து அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் இறங்கி வாங்க."

மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். முட்டிவலிக்காரன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் படியைப் பார்த்தார். இரண்டு குரல் கேட்டது, இன்னொருவர் வராமல் பூட்ட மாட்டேன், இத்தனை வருடத்தில் ஒரு ஆளையும் உள்ளே விட்டுப் பூட்டியதில்லை என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஏறித் தேடினோம். தூசியில் என் ஷூ தடம் மட்டும்தான். ஐந்து மணியாயிற்று. சாவிக்காக நின்றவர் தன் முதலாளிக்குப் போன் போடத் தொடங்கினார். அண்ணன் மறுபடியும் படியில் போய் உட்கார்ந்தார்.

"அதுவும் நான்தான் லா, அண்ணே. ரெண்டு குரல்ல பேசினேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். என் ஜோக்குக்கு ஒருநாளும் சிரிக்காத மனிதர், இந்தப் பொய்யை நம்பிவிட்டார். பூட்டினார். சாவியைக் கொடுக்கச் சாலைப் பக்கம் நடந்தார்.

நான் கதவிடுக்கில் வாயை வைத்து, "மன்னிச்சுக்குங்க, வேற வழியில்ல" என்றேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.