விரலில் அடித்த அம்மா

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மதுரையில் அவளைச் சேர்த்த காது கேளாதோர் மிஷன் பள்ளியின் டீச்சரம்மாவை எனக்குக் கண்டாலே ஆகாது. வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, கையில் எந்நேரமும் ரூல்தடி.

அலங்காநல்லூரிலிருந்து நான் பார்க்கப் போன அன்று, “பசு கன்னு போட்டுருச்சா?” என்று தங்கை கைஜாடையில் கேட்டாள். ஜாடை கூடாது, வாயால்தான் பேச வேண்டும் என்று அவள் விரலிலேயே அடி விழுந்தது.

“எங்க வீட்டுல கையாலதான் பேசுவோம்” என்று கத்தினேன்.

“உங்களுக்கு அப்புறம் இவ யார்கிட்டப்பா பேசுவா?” என்றவர், தான் அடித்த தங்கையின் அதே விரல்களை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து “அண்ணே” என்று சொல்லிக் காட்டினார்.

விடுமுறைக்கு வந்தவள் “அண்ணே” என்றாள். தெருவே அழுதது. நான் ஜாடை காட்டினால் என் கையைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊமை நான்தான்.