மூன்று பேர் சாப்பிட்ட சோறு

எங்கள் வீட்டில் அந்த வருடம் வேலையில்லாதவர் யாரும் இருக்கவில்லை. அரைவயிறோடு படுத்தவர் யாரும் இருக்கவில்லை. ஆளுக்கு ஆள் பார்த்தால் நாட்டிலேயே நாங்கள்தான் அதிகம் சோறு தின்றவர்களாக இருப்போம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் புள்ளிவிபரத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். போர்க்காலத்தில் தமிழ் வீடுகள் பொலிசில் கொடுக்கவேண்டிய பட்டியலின்படி வீட்டில் மூன்று பேர்: அப்பா, அம்மா, எட்டு வயதுப் பிள்ளையான நான். உண்மையில் இருந்தது ஏழு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் தம்பியான சித்தப்பாவும், அப்பாவின் தமக்கையான மாமியும், மாமியின் வளர்ந்த மகன்கள் இருவரும் வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். கொழும்பில் நிற்பதற்கு அவர்களுக்குக் கொடுத்த பாஸ் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. பிடிபட்டால் சித்தப்பாவும் மச்சான்மாரும் உள்ளே போவார்கள். வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்கு அப்பாவும் பின்னால் போகவேண்டியதுதான்.

ஆகவே தெரியாத ஆள் யார் கதவைத் தட்டினாலும் நால்வரும் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். மாமி கையில் இருக்கும் வேலையையும் கூடவே கொண்டுபோவார். நேரத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை வெங்காயச் சுளகோடு போய், அத்தனையையும் உரித்து முடித்துத்தான் வெளியே வந்தார். பின்னால் மற்ற மூவரும் கண்ணீரும் மூக்குமாக வந்தார்கள்.

ஒரு நாள் பகல் கதவைத் தட்டியது ஒரு சிங்களப் பெண். நடுத்தர வயது, பருத்திச் சேலை, தோளில் ஒரு தடித்த பை. எங்களுக்கு விளங்கும் அளவுக்குத் தமிழ் பேசினார். நாட்டுச் சனம் என்ன வேலை செய்கிறது, எவ்வளவு உழைக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்று அரசாங்கம் அறிய விரும்புகிறதாம். அதற்குச் சீட்டுப் போட்டு எடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாம். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், வாங்கியது, சமைத்தது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும், நடுவில் ஒருமுறையும் கடைசியில் ஒருமுறையும் வந்து பார்ப்பார் என்றார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, இத்தனை வீடு இருக்க எங்கள் வீட்டுக்கா சீட்டு விழவேண்டும் என்று அம்மாவின் முகம் சொன்னது. ஆனாலும் மிஸ், மிஸ் என்று கதிரை இழுத்துப் போட்டார்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அம்மா மூன்று என்றார். யார் உழைப்பது என்றதற்கு, அப்பா புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கெழுதுகிறார் என்றார்.

"வேலை தேடிட்டு இருக்கிற ஆள் யாரும் இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்."

குளியலறைக்குள் வாளி ஒன்று உருண்டது. அம்மா இருமினார். மிஸ் தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனார்.

"கக்கூஸ் வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

அம்மா எழுந்து நின்றேவிட்டார். "உள்ளுக்குத்தான் மிஸ். ஆனா இப்ப பாக்கேலாது. அடைச்சுப்போச்சு."

பார்க்கத் தேவையில்லை, சொன்னால் போதும் என்றார் மிஸ்.

அவர் போனபின் சித்தப்பா சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். "ஒரு வருஷமா இந்தக் கொழும்பு முழுக்க வேலை தேடி அலைஞ்சனான் அண்ணி. பொலிஸ் பட்டியலிலயும் நான் இல்லை, வேலை இல்லாத ஆக்களின்ர கணக்கிலயும் நான் இல்லை. அப்ப நான் ஆர்?"

"முதல்ல வந்து சாப்பிடுங்கோ தம்பி" என்றார் அம்மா. "சோத்துக் கணக்கில நீங்கள் இருக்கிறியள்."

அம்மா அதைப் பகிடிக்குத்தான் சொன்னார். அப்பாவோ அதை அப்படியே செய்துகொண்டிருந்தார். அப்பாவின் கையில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தால் அது அவருக்குக் கோயில். அரிசி இத்தனை சுண்டு, தேங்காய் இத்தனை, நெத்தலிக் கருவாடு இவ்வளவு என்று ஏழு பேர் தின்றதையும் முத்து முத்தான எழுத்தில் ஒன்றும் விடாமல் எழுதி, அடியில் கோடு வேறு போட்டு வைத்திருந்தார். கிழமை நடுவில் மிஸ் வந்து அதைத் திறந்தபோதுதான் அம்மாவே கண்டார்.

மிஸ்ஸின் பேனை அரிசியில் வந்து நின்றுவிட்டது.

"இது மூணு ஆள் சாப்பிட்றதா?"

"ஓம் மிஸ். எல்லாரும் நல்ல சாப்பாட்டுக்காரர்."

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்போது முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டது போல இருப்பேன்.

"இவவும்?"

"இவள்தான் ஆகலும் கூட" என்றார் அம்மா, கண்ணைக்கூட வெட்டாமல்.

அன்று பின்னேரம் அப்பா சப்பாத்தைக் கழற்றும் முன்னரே அம்மா சண்டையைத் தொடங்கினார். "நாலு பேரைக் குளியலறைக்க ஒளிச்சுப்போட்டு, அவையின்ர சோத்தைக் கொண்டுபோய் அரசாங்கத்துக்குக் காட்டுறியளே!"

"ஆளை ஒளிக்கலாம். கணக்கை ஒளிக்கேலாது" என்றார் அப்பா. கடையில் முதலாளியிடமே அப்படித்தான் சொல்வாராம். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "இஞ்சரும், இவையள் என்ன செய்வினம் எண்டால், வீட்டுச் செலவை ஆக்களின்ர தொகையால பிரிப்பினம். ஏழு பேருக்குப் பிரிச்சால் நாங்கள் ஏழையள். மூண்டு பேருக்குப் பிரிச்சால் பணக்காரர். பணக்காரரை ஆரும் சந்தேகப்படுவினமே?"

சித்தப்பா சிரித்துவிட்டார். மாமியும் மச்சான்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழைகளாகப் படுத்துப் பணக்காரராக எழும்புவது லேசான காரியமா! அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் அரிசியைக் குறைத்தால் இன்னும் சந்தேகம் வரும், இனி ஒரே வழிதான் என்றார். கடைசி நாள் மிஸ் வரும்போது அவர் கண்முன்னால் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

மச்சான்மார் இருவரும் எனக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தார்கள். அந்த வித்தையில் அவர்களுக்கு நிகர் அந்த ஒழுங்கையில் இல்லை. முதல் கோப்பைச் சோற்றுக்குக் குழம்பைத் தாராளமாக விடு, இரண்டாவதில் தண்ணீர் குடிக்காதே, மூன்றாவது வரும்போது எழுந்து ஒருதரம் குலுங்கி இரு என்று ஆளுக்கு ஆள் சொல்லித்தந்தார்கள். எனக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

கடைசி நாள் மத்தியானம் மிஸ் வந்தார். அவர் கொப்பியைச் சரிபார்க்கத் தொடங்க, அம்மா எனக்கு முன்னால் சோற்றைக் குவித்தார். பருப்பும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். முதல் கோப்பை சுகமாக இறங்கியது. இரண்டாவது மெல்ல மெல்ல. மூன்றாவது கோப்பை வந்தபோது விளையாட்டு முடிந்துவிட்டது.

குளியலறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் என்னைப் பயமுறுத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் பொலிசாரின் சுற்றிவளைப்பில் பக்கத்து வீட்டு அண்ணாவை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். அவருடைய அம்மா தலைகூட வாராமல் ஒழுங்கை முனையில் நின்றதை நான் பார்த்திருந்தேன். என் வயிறு பின்வாங்கினால் எங்கள் வீட்டுக்கும் ஜீப் வரும் என்று நம்பினேன். சித்தப்பாவுக்கு ஒரு வாய். பெரிய மச்சானுக்கு ஒரு வாய். சின்ன மச்சானுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினேன்.

மிஸ் கையை நீட்டிக் கோப்பையை என்னிடமிருந்து இழுத்து எடுத்தார்.

"போதும் துவ" என்றார். துவ என்றால் சிங்களத்தில் மகள். "போதும். நான் எழுதிட்டேன். மூணு ஆள்."

எனக்கு உலகத்தை வென்ற சந்தோஷம். என் வயிற்றைப் பார்த்து அரசாங்கமே நம்பிவிட்டது! அம்மா கோப்பைகளோடு குசினிக்குள் போக, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு மிஸ்ஸை வழியனுப்ப நான்தான் வாசலுக்குப் போனேன்.

வாசலில் மிஸ்ஸுக்குத் தன் செருப்பைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மச்சான்மாரின் பெரிய செருப்புகளுக்கும், சித்தப்பாவின் வார் தைத்த செருப்புக்கும், மாமியின் தட்டைச் செருப்புக்கும் அடியில் அது கிடந்தது. குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் குவியலையே பார்த்தபடி நின்றார்.

"துவ, இந்தச் செருப்பு எல்லாம் உள்ளுக்கு எடுத்து வை. மழை வரும்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடலுக்கு மேலே ஒரு பொட்டு முகில் இல்லை.

"மழை வராது மிஸ்" என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

"வரும். எப்ப வரும்னு தெரியாது. இனி எப்பவும் உள்ளுக்கே வை." என் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்பதற்காகச் செருப்புகளை அள்ளிக்கொண்டுபோய் அம்மாவின் முன்னால் போட்டு, நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அகப்பையை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"முருகா, முதல் நாளிலயிருந்து வாசலிலயே கிடந்திருக்கு" என்றார்.

பிறகு எழுந்து மாடி முகப்புக்கு ஓடினார். மிஸ் காலி வீதியில் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிடவில்லை. அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்தபோது, வெயில் பட்டுக் கூசுகிறது என்று நினைத்தேன்.

அன்றும் மழை பெய்யவில்லை, அந்தக் கிழமையும் பெய்யவில்லை. அரசாங்கத்து ஆட்களுக்குச் சோற்றுக் கணக்குத்தான் தெரியும், மழையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.